தேநீர் வாங்கிய கை

பாக்தாத் புறநகரில் மெய்க்காவலர் பயிற்சியின் கடைசிக் காலை. ஆசான் அபூ ரியாத் தேநீர் நீட்டுகிறார். பெரியவர் தருவதாயிற்றே என்று முஹன்னத் வலக்கையால் பணிவாக வாங்குகிறான். அவனுடைய சித்தி மகன் கைஸ் இடக்கையை நீட்டுகிறான். “மாமியார் வீட்டு விருந்தாடா இது, முஹன்னத்? துப்பாக்கி எடுக்கிற கையில போய் கிளாஸ வச்சிருக்க,” என்கிறார் ஆசான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர்கள் காவல் காக்கப்போகும் முதலாளியின் வண்டியில் முன்னிருக்கை, துப்பாக்கிக் கையைக் காலியாக வைத்திருந்த கைஸுக்குப் போகிறது. மூன்று மாதமாக முஹன்னத் ஏங்கிய இடம் அது. இடக்கையால் ரொட்டி தின்று சித்தியிடம் அடி வாங்கிய பயலுக்கா என்று அவனுக்கு வயிறு எரிகிறது. “மூஞ்சியத் தூக்காதண்ணே, அடுத்த வாரம் நீ போலாம்,” என்று கைஸ் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறான். முஹன்னத் நிமிராமல், கரைந்துவிட்ட சர்க்கரையையே கலக்கிக்கொண்டிருக்கிறான். கரண்டிச் சத்தத்துக்குள் வண்டி கிளம்பிப் போய்விடுகிறது. மதியம், பாலத்தருகே குண்டு வெடித்து அந்த வண்டி எரிந்துவிட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று செய்தி வருகிறது. ஆசான் முஹன்னத்தின் தோளைப் பிடித்துக்கொள்கிறார். முற்றத்துக் கரும்பலகையில், குறிபார்த்துச் சுடுவதில் முதலாவதாக இருப்பது இப்போதும் முஹன்னத்தின் பெயர்தான்.