பொட்டு வைத்த கை

செங்கமலத்தின் வலது கை பம்புசெட்டுப் பட்டறையின் பிரஸ்ஸில் சிக்கிப் போய் நான்கு வருஷமாகிறது. அதற்குப் பதிலாகப் பொருத்திய கைக்குள் மயிரிழைக் குழாய்களில் திரவம் ஓடும். அவள் நினைத்தால் அது ஸ்பேனராகும், திருப்புளியாகும், வேலை முடிந்ததும் ஐந்து விரலாகும்.

ஆயுதபூஜையன்று எல்லோரும் மிஷினுக்குப் பொட்டு வைத்தார்கள். அவளும் கையை ஸ்பேனராக்கி, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். சோறு போடுகிற கைக்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? அத்தோடு கை அப்படியே இறுகிவிட்டது.

"குங்குமம் குழாய்க்குள்ள போயிருச்சுங்கக்கா. கழட்டி அனுப்போணும், மூணு மாசமாகும்" என்றான் சர்வீஸ்காரன்.

மறுநாள் விஜயதசமி. தட்டில் பரப்பிய பச்சரிசிக்கு முன்னால் மூன்று வயது மகள் யாழிசை உட்கார்ந்திருந்தாள். கைபிடித்து முதலெழுத்தை எழுதவைக்கச் செங்கமலம் இடது கையை நீட்டினாள்.

"நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையிலயா? உடு, நானே எழுத வெக்கறேன்" என்றான் அவள் புருஷன் கதிரேசன்.

"அப்பா வேண்டாம். அம்மாதான்!"

சொன்ன வேகத்தில் யாழிசை தன் சுட்டுவிரலை ஸ்பேனரின் வாய்க்குள் நுழைத்துக்கொண்டாள். விரல் கச்சிதமாகப் பொருந்தியது.

"எழுதும்மா."

செங்கமலம் தோளை இம்மிகூட அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்கு இப்போது தெரிந்ததெல்லாம் திருகுவது ஒன்றுதான்.