ஸ்க்ரூ டப்பா

"நீங்க போட்ட ஆன்டிவைரஸைத் தூக்கிக் குப்பையில போடுங்கய்யா!"

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் அறைக்குள் கால் வைப்பதற்குள் டாக்டர் கத்த ஆரம்பித்துவிட்டார்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. 'உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன. திறக்கப் பணம் அனுப்பவும்.' இத்தனை வருஷமாகப் பார்த்த நோயாளிகளின் ரிப்போர்ட் மொத்தமும் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"மெதுவா டாக்டர், வெளியில கேட்குது."

வெளியே ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பது ரிப்பேர்காரரின் மனைவி. அங்கே கேட்டால், அதையே அவர் வீட்டில் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்கும்.

"அடுத்த ரூம்ல என் வீட்டுக்காரம்மா பல் பிடுங்கிட்டு இருக்கா. அவளோட பேஷன்ட் ரிப்போர்ட்டும் இதுலதான் இருக்கு. அவ வர்றதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா அடுத்து என் பல்லுதான்!"

ரிப்பேர்காரர் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"டாக்டர், 'இந்த ஆண்டின் தலைசிறந்த மருத்துவர்'னு ஒரு மெயில் வந்திருக்கே?"

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சான்றிதழ் அனுப்பியிருக்கோம்னு போட்டிருந்தான்."

"ஆபத்து, திறக்காதீங்கன்னு ஆன்டிவைரஸ் தடுத்திருக்கே?"

"தடுத்துச்சு."

"நீங்க?"

"'பரவாயில்லை, திற'ன்னு அமுக்கினேன். விருதுய்யா! எப்படித் திறக்காம இருக்கிறது?"

ரிப்பேர்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"இதுக்குப் பேர்தான் ட்ரோஜன். வெளியில பார்த்தா ஒண்ணு, உள்ளே இருக்கிறது வேற. நாமளே கதவைத் திறந்து, வாங்க, உட்காருங்கன்னு கூட்டிட்டு வர்றது. காவல்காரன் வேண்டாம் வேண்டாம்னு தடுக்கிறான். அவனைத் தள்ளிட்டு நீங்களே கூட்டிட்டு வந்தா அவன் என்ன பண்ணுவான்? ஆன்டிவைரஸ் ஒண்ணு இருந்தா போதும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான்யா சொன்னீங்க, விக்கும்போது!"

ரிப்பேர்காரர் அவசரமாகப் பைக்குள் கையை விட்டு எதையோ தேடினார். 'ஸ்க்ரூ' என்று எழுதி ஒட்டிய டப்பா ஒன்று கை தவறிக் கீழே விழுந்து திறந்துகொண்டது. வட்ட வட்டமாகக் கிரீம் பிஸ்கட்கள் உருண்டோடின.

டாக்டர் குனிந்து ஒன்றை எடுத்தார்.

"இது எந்த மிஷின்ல மாட்டற ஸ்க்ரூ?"

"டாக்டர், மெதுவா..."

"உடம்புல சுகரை வெச்சுக்கிட்டு கிரீம் பிஸ்கட்டா?"

"மாத்திரை போடறேனே! போன வாரம் டெஸ்ட் எடுத்துட்டு நார்மல்னு நீங்கதானே சொன்னீங்க? தினமும் சாப்பிடறேன், ஒண்ணும் ஆகல. உங்க மாத்திரை அப்படி! என்ன, இந்த பிஸ்கட் கம்பெனிக்காரன்தான் ஏமாத்தறான். முன்ன மாதிரி இனிப்பே இல்ல."

டாக்டருக்கு உள்ளூரப் பெருமைதான். இருந்தாலும் விடவில்லை. "மாத்திரை மட்டும் காப்பாத்தாதுய்யா. வாயைக் கட்டணும்."

"ஆன்டிவைரஸ் மட்டும் காப்பாத்தாது டாக்டர். கையைக் கட்டணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடன்படிக்கைக்குப் பேச்சே தேவைப்படவில்லை. பிஸ்கட்கள் டப்பாவுக்குள் போயின. விருது மெயில் அழிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பல் டாக்டர் கைப்பையோடு வந்தார். பின்னால் ரிப்பேர்காரரின் மனைவி.

"என்னங்க ஆச்சு?"

"ஆன்டிவைரஸ் சரியில்ல மேடம். டாக்டர் மேல ஒரு தப்பும் இல்ல," என்றார் ரிப்பேர்காரர்.

"இவரை மாதிரி வாயைக் கட்டற பேஷன்ட்டை நான் பார்த்ததே இல்லம்மா," என்றார் டாக்டர், யாரும் கேட்காமலே.

பல் டாக்டர் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சான்றிதழ் வந்துடுச்சா? ஃபிரேம் போட்டுடலாமா?"

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"அதே மெயில் எனக்கும் வந்தது. நான் அழிச்சிட்டேன். நீங்க அழிக்க மாட்டீங்கன்னு தெரியும்."

பல் டாக்டர் கைப்பைக்குள் துழாவினார். உள்ளே ஏதோ சரசரத்தது. சின்ன டிஸ்க் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எல்லா ரிப்போர்ட்டும் இதுல இருக்கு. தினமும் கிளம்பும்போது ஒரு காப்பி எடுத்துக்குவேன். ஆன்டிவைரஸை நம்பினேன். உங்களை நம்பல."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது, மானம்தான் வரவில்லை. ரிப்பேர்காரர் சிரித்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டார்.

"சிரிக்கிறீங்களா? இவர் மட்டும் யோக்கியமா?" டாக்டர் உடன்படிக்கையைக் காற்றில் பறக்கவிட்டார். "அந்த ஸ்க்ரூ டப்பாவைத் திறந்து பாரும்மா!"

ரிப்பேர்காரரின் மனைவி அதைத் தொடக்கூட இல்லை.

"தெரியும் டாக்டர். கிரீம் பிஸ்கட் வாங்கி அதுல ஒளிச்சு வெப்பார். இவர் குளிக்கப் போனதும் நான் அதை எடுத்துட்டு, பார்க்க அதே மாதிரி இருக்கிற சர்க்கரை இல்லாத பிஸ்கட்டை நிரப்பிடுவேன். மூணு மாசமா இதான் நடக்குது."

ஊருக்கெல்லாம் ட்ரோஜன் பிடித்துக் கொடுப்பவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அப்போ சுகர் இறங்கினது என் மாத்திரையால இல்லையா?" டாக்டரின் குரல் பரிதாபமாக இருந்தது.

"மாத்திரையாலயும்தான் டாக்டர்," என்றார் அந்த அம்மா, மனசு கேட்காமல்.

ரிப்பேர்காரருக்குக் கவலை வேறு. "அப்போ நான் வாங்கி வெச்ச கிரீம் பிஸ்கட்டெல்லாம் எங்கே போச்சு?"

மனைவியின் பார்வை பல் டாக்டர் பக்கம் போனது. 'இனிப்பைத் தொட்டா பல் மிஞ்சாது' என்று வருகிறவர்களையெல்லாம் மிரட்டும் பல் டாக்டர், அவசர அவசரமாகத் தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.