குறையாத உப்பு மூட்டை

“குறைஞ்சிருந்தா திருட்டுன்னு நினைச்சிருப்பேன் சார். குறையவே மாட்டேங்குது. அதான் பயமா இருக்கு!”

தையல் கம்பெனி மேனேஜர் முன்னால் ஸ்டோர் கீப்பர் படபடத்தார். கேன்டீனுக்கென்று அவர் வாங்கிப் போட்ட ஐம்பது கிலோ உப்பு மூட்டை. இரண்டு மாதத்தில் காலியாகியிருக்க வேண்டும். பிரித்த வாய் பிரித்தபடி அப்படியே கிடக்கிறது. உப்பு என்ன, குட்டி போடுகிற சாமானா?

“சாப்பாட்டுல உப்பு இருக்கா?”

“கச்சிதமா இருக்கு சார். சந்தேகமே அங்கதான். நூத்தம்பது பொண்ணுங்க சாப்பிடற சோறு. இவ என்னத்தைப் போட்டு சமைக்கிறா?”

சமையல்காரம்மா ஈரக் கையைத் துடைத்தபடி சுவரோரம் நின்றாள்.

வாட்ச்மேனும் சேர்ந்துகொண்டார். “தினம் காலைல ஒரு துணிப்பையை அணைச்சுக்கிட்டு வருது சார். என்னன்னு கேட்டா, ‘ஒண்ணுமில்லண்ணே’ங்குது. சாயங்காலம் போகும்போது வெறும் பை.”

“ஊர்ல எல்லாரும் வெளிய கடத்துவாங்க. இவ உள்ள கடத்துறா!” ஸ்டோர் கீப்பர் குதித்தார். “ஒரு வாரமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு மாட்டினா!”

ஸ்டோர் கீப்பர் பையை மேஜைமேல் கவிழ்த்தார்.

விழுந்தது ஒரு பாக்கெட். அயோடின் உப்பு, ஒரு கிலோ.

மேனேஜர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “ஏம்மா, மூட்டை நிறைய உப்பு இருக்கு. கைக்காசைப் போட்டு உப்பு வாங்கிட்டு வர்றியா? யார் காதுல பூ சுத்தறே? உண்மையைச் சொல்லு. இல்லன்னா இன்னியோட வீட்டுக்குப் போ.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “இந்த வேலை போனா எனக்கு வேற கதி இல்ல சார். மூட்டை மேலயே அச்சடிச்சிருக்கு, அது அயோடின் சேர்க்காத உப்பு. அதையே தின்னா கழுத்து வீங்குமாம். வயித்துல இருக்கற குழந்தைக்கு மூளை வளர்ச்சியே கெட்டுப்போகுமாம். இங்க ஒன்பது பொண்ணுங்க மாசமா இருக்காங்க. எனக்கு மனசு கேக்கல.”

“அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சமையல்காரி சொன்னா யார் சார் கேப்பாங்க?”

“சுத்தப் பேத்தல்!” ஸ்டோர் கீப்பர் சீறினார். “உப்புல என்ன சார் நல்லது, கெட்டது? எல்லாம் ஒண்ணுதான். மலிவா கிடைக்குதேன்னு கம்பெனி நல்லதுக்குத்தான் வாங்கினேன். இவளுக்கு எந்த டாக்டர் வந்து காதுல ஓதினாராம்?”

“சொல்லும்மா, யார் சொன்னா?”

அவள் தயங்கினாள்.

“டாக்டர் இல்ல சார். முக்குக் கடையில ஒருத்தர், ‘என் பொண்ணு முழுகாம இருக்கா. அயோடின் இல்லாத உப்பைக் குடுத்து என் பேரக்குழந்தையைக் கெடுத்துடாதே’ன்னு கடைக்காரரை ஒரு பிடி பிடிச்சார். பின்னால நின்னு கேட்டேன்.”

“யார் அவர்?”

“நம்ம ஸ்டோர் சார்தான்.”