ஒன்றாம் நம்பர் பஸ்

ஆறு மணிக்கு எழுந்து, பால் காய்ச்சி, காபி குடித்துவிட்டு, இளவரசன் ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

"வண்டி சும்மாதானே நிக்குது தம்பி?" என்றார் எதிர்வீட்டு அழகிரி.

"பஸ்தான் சௌகரியங்க."

பத்து மணிக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் போதை ஒழிப்புக் கூட்டம். அவன்தான் பேச வந்தவன். கல்யாணமான எட்டாம் மாதம், குடித்துவிட்டு ஒருவன் பைக் ஓட்டியதில் மனைவி தேவதர்ஷினி இறந்துபோனதை நாலே வரியில் சொன்னான்.

"ஒரு பீருக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்," என்றான் கடைசி வரிசை அஜித். சாயங்காலம் பார்ட்டி, முடிந்ததும் கூடப் படிக்கும் மணிமேகலையை லால்குடியில் கொண்டுபோய் விட வேண்டியவன் அவன்தான்.

"அவனும் அதையேதான் சொன்னான்."

"அந்தக் குடிகாரன் இப்ப ஜெயில்லயா சார்?" என்று கேட்டாள் மணிமேகலை.

"இருந்துட்டு வந்துட்டாம்மா. இன்னிக்கு ஒண்ணாம் நம்பர் பஸ்ல வந்து, உங்க முன்னாடிதான் நிக்கறான்."



கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்தபோது, அஜித் பைக் சாவியை மணிமேகலை நீட்டிய கையில் வைத்தான்.

"இன்னிக்கு இவ ஓட்டட்டும் சார். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

வெகுநாள் கழித்து இளவரசனுக்கு மனசு நிறைந்தது. அன்றைக்குத் தேவதர்ஷினியும் இப்படித்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சாவியைக் குடுங்க, நான் ஓட்டறேன்."