விடை ஐந்து

உயரம் கழித்தல் இரண்டு என்று வந்தது.

அவர் தாளைத் திருப்பி மறுபடியும் போட்டார்.

மூடியும் அடியும் உள்ள உருளை வடிவத் தகர டப்பா. ஆரம் 7 செ.மீ. மொத்தப் பரப்பு 220 சதுர செ.மீ. உயரம் என்ன?

220 = 2πr(r + h).

2πr என்பது நாற்பத்து நான்கு. அதை அந்தப் பக்கம் கொண்டுபோய் வகுத்தால் ஐந்து. ஆரத்தையும் கொண்டுபோனால் ஐந்தில் ஏழு கழியும்.

கழித்தல் இரண்டு.

அப்படி ஒரு டப்பாவை எங்கே வைப்பது?

அப்பாவின் நோட்டில் விடை 5 என்று இருந்தது.

ஐந்து நடுவில் வந்துவிட்டுத்தான் போனது. அப்பா அங்கேயே நின்றுவிட்டாரா?

அப்பா பாதியில் நிற்கிறவர் இல்லை.

அப்பா பெயரில் இந்தப் பள்ளியில் முப்பது வருடமாகப் பரிசுத் தேர்வு. கடைசிக் கேள்வி எப்போதும் இதுதான். "இந்த வருடமும் யாரும் சரியாகப் போடவில்லை" என்று மேடையில் பள்ளித் தாளாளரான அவர் அறிவிப்பார்.

கூட்டம் கைதட்டும். அது அப்பாவுக்கு.

நோட்டைப் பார்த்துத்தான் திருத்துவார். தானே போட்டுப் பார்த்ததில்லை. அப்பா போட்ட கணக்கைச் சரிபார்ப்பது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை.

சில பிள்ளைகள் பயந்துபோய்க் கழித்தல் குறியை அடித்துவிட்டு வெறும் 2 என்று எழுதுவார்கள். அதையும் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்.

இந்த முறை பத்தாம் வகுப்பு ஜெனிட்டா, விடைக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்.

'மூடிக்கும் அடிக்குமே 308 வேண்டும். இந்தத் தகரத்தில் டப்பா செய்ய முடியாது.'

ஏழைக் கழிக்காமல் கூட்டிப் பார்த்தார். பன்னிரண்டு. எந்த வழியில் போனாலும் அப்பாவிடம் போய்ச் சேரவில்லை.

கணக்கு டீச்சர் வாசலில் நின்றார்.

"ஐயா, மேடையில எல்லாரும் காத்திருக்காங்க."

"டீச்சர், இந்தக் கணக்கு..."

"பெரியவங்க போட்டது. நாங்க என்னங்கய்யா சொல்றது?"

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தாளாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

மேடையில் பெயரைச் சொன்னார். ஜெனிட்டா.

கைதட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன.

அவள் படியேறி வந்தாள். திட்டு வாங்க வந்தவள் போலத் தலைகுனிந்திருந்தாள்.

அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"தப்புன்னா மன்னிச்சிருங்கய்யா. எத்தன தடவ போட்டாலும் எனக்கு அப்படித்தான் வருது."

கையை எடுத்தார்.

"எனக்குந்தாம்மா" என்றார்.