விட்டு விட்டு நின்ற மோட்டார்

மச்சான் இடுப்பிலிருந்து கத்தியை உருவியபோது கரை கண்ணுக்குத் தெரியவில்லை. படகு மோட்டாரும் கடைசியாக இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியிருந்தது.

“மாப்ள, மூடியைக் கழட்டு” என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு வேர்த்து வழிந்தது. ஒரு மாதமாக இதே கூத்துதான். கிளம்பிக் கூப்பிடு தூரம் போனதும் மோட்டார் நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். பட்டறைத் தொட்டியில் வைத்து ஓட்டினால் மட்டும் பச்சைப்பிள்ளை போலச் சமர்த்தாக ஓடும். மெக்கானிக் ப்ளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார். கோளாறே மாப்பிள்ளைதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கல்யாணத்துக்கு முன்பு, கடலிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி அவன் அளந்துவிட்டிருந்தான். நீச்சல் சுத்தமாக வராது. மாமனார் படகு வாங்கி மகனையும் மருமகனையும் ஏற்றிவிட்ட நாளிலிருந்து, கிளம்பும் முன் ப்ளக்கின் தொப்பியைக் கொஞ்சம் இளக்கி வைப்பான். அலை குலுக்கினால் தீப்பொறி விட்டுப்போகும். துடுப்புப் போட்டுத் திரும்பிவிட்டால் அன்றைக்கு உயிர் மிச்சம்.

நேற்று மெக்கானிக் எல்லாவற்றையும் இறுக்கி, “இனிமே நிக்காது” என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். மாமனார், “துடுப்பு இருந்தாத்தானே திரும்பி வருவீங்க? மீனோட வாங்கடா” என்று துடுப்புகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். விடிந்ததிலிருந்து மச்சான் மோட்டாரை விட்டு நகரவில்லை.

இன்று மாப்பிள்ளை மோட்டாரைத் தொடவே இல்லை. பிறகு எப்படி நின்றது?

மூடியைத் தூக்கினான். ப்ளக்கின் தொப்பி கெட்டியாக இருந்தது. காயிலுக்குப் போகும் வயர்தான் அறுந்து தொங்கியது. வெட்டு, பாதி வரை நேராகப் பளபளத்தது; மீதிப் பாதி குலுக்கலில் பிய்ந்திருந்தது. மறுமுனை மோட்டார்ச் சக்கரத்துக்கு அடியில் போய் ஒளிந்திருந்தது. ஸ்பானர் இல்லாமல் எடுக்க முடியாது.

அவன் கண் தானாக மச்சானின் கத்திக்குப் போனது. அலகில் கறுப்பாக ஒரு சுருள் ஒட்டியிருந்தது. வயரின் தோல்.

“என்ன பாக்குற?”

“ஒண்ணுமில்ல மச்சான்.”

மச்சானுக்குக் கரையில் ‘சுறா’ என்று பெயர். படகைத் தள்ளும்போது முழங்கால் நனையுமுன் ஒரே தாவாகத் தாவி உள்ளே ஏறிவிடுவார். அந்த வேகத்துக்காகவே அந்தப் பெயர் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்போது படகின் நட்டநடுவில், பாயப்போகிறவர் மாதிரி குந்தியிருந்தார். விளிம்பைப் பிடித்த கை வெளுத்திருந்தது. மறு கையில் கத்தி. பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“நேத்து வரைக்கும் கரைகிட்டயே நின்ன மோட்டாரு” என்றார் பல்லைக் கடித்தபடி. “இன்னிக்கு மட்டும் ஏன்டா இவ்ளோ தூரம் ஓடுச்சு?”

மாப்பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மச்சானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தங்கச்சியை ஏமாற்றிக் கட்டியவனை, திரும்ப வழியில்லாத இடமாகப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

மச்சான் லேசாக எழுந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

“மச்சான், வேணாம்!” அவன் அவர் காலைக் கட்டிக்கொண்டான். “இத்தனை நாளும் ப்ளக்கை இளக்கினது நான்தான். எனக்கு நீச்சல் தெரியாது. தெரியும்னு பொய் சொல்லித்தான் கட்டினேன். உங்க தங்கச்சி முகத்துக்காகவாவது என்னைத் தண்ணில தள்ளிராதீங்க!”

மச்சான் நாலாபுறமும் ஒருமுறை பார்த்தார். கையிலிருந்த கத்தி நழுவி விழுந்தது.

பிறகு மெல்லக் குனிந்து, மாப்பிள்ளையின் கழுத்தை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டார்.

“மெக்கானிக் சரியாயிடுச்சுன்னு சொன்னதும் பயத்துல நான்தான்டா வயரைப் பாதி அறுத்தேன், கரைகிட்டயே நின்னுரும்னு... இப்ப அதை ஒட்டவைக்கத்தான் கத்தியை எடுத்தேன்... எனக்கும் நீச்சல் தெரியாது, மாப்ள!”