கருவாட்டுப் பையில் ஒரு பாட்டில்

"பையில இன்னா?"

"கருவாடு."

கப்பலில் ஏறும் வழியில் நின்ற காவலாளி பையைத் தூக்கிப் பார்த்தார். "கருவாடு இந்தக் கனம் கனக்காதே?"

தனக்கோடி பையைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். கருவாட்டு நாற்றத்துக்குப் பயந்து பட்டணத்துக் காவலாளி பையைத் தொடவே மாட்டான் என்று நினைத்துத்தான், வஞ்சிரத் துண்டுகளுக்கு நடுவே ரம் பாட்டிலைச் செருகி வைத்திருந்தார்.

காவலாளியோ மூக்கைப் பைக்குள் விட்டு ஆசையாக இழுத்தார். "ஆகா, வஞ்சிரம்! நானும் கடற்கரைக்காரன்தான் அண்ணே. பேரு தானியேல்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கையை விட்டவர், பாட்டிலை எடுத்தார்.

பக்கத்தில் நின்ற சின்னதம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். சுண்ணாம்புக்குளத்துக்காரர். தன் மகன் சுபாஷுக்குத் தனக்கோடியின் மகள் மோகனப்பிரியாவைக் கேட்டு வந்திருக்கிறார். எல்லாம் பேசியாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர் தன் கையால் ஊற்றிக் கொடுத்து, பிள்ளையைப் பெற்றவர் அதை வாங்கிக் குடித்தால் பேச்சு உறுதி. இரண்டு குடும்பத்திலும் அதுதான் வழக்கம்.

வீட்டிலேயே ஊற்றியிருக்கலாம். ஆனால் மூன்று மாதமாகப் பழவேற்காடு ஏரியில் மிதக்கும் இந்த இரண்டடுக்கு உல்லாசக் கப்பலுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், தனக்கோடிக்கு. சம்பந்தியை அதில் ஏற்றினால் ஊரில் ஒரு கெத்தும் ஆயிற்று.

"ஏன், உள்ள குடிக்கக் கூடாதா?"

"யார் சொன்னது? மேல்தட்டுல பாரே இருக்குது."

"அப்புறம் இன்னா?"

"அங்க வாங்கிக் குடிக்கலாம். நீங்க கொண்டாந்து குடிக்கக் கூடாது. கம்பெனி ரூல்."

தனக்கோடிக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பது வருடம் மீனவர் சங்கக் கொடி பிடித்தவர். மைக் தேவைப்படாத குரல்.

"இன்னா ரூலு? என் பாட்டன் மெதிச்ச தண்ணி இது! நேத்து வந்தவன் ஒரு கப்பல உட்டுட்டு, வேணும்னா என்கிட்ட வாங்கிக்கோன்றான். ஏரி இன்னா, அவன் மாமியார் வூட்டு சீதனமா? ஏரிக்கு வர்றவன் வாயில எதைப் போடணும்னு சொல்றதுக்கு இவன் யாரு?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

"மெல்ல பேசுங்கண்ணே. என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்க" என்றார் தானியேல்.

சின்னதம்பி குறுக்கே வந்தார். "பொண்ணு குடுக்குற சடங்குப்பா இது. அவரு கையால ஊத்தணும். உங்க பார்ல வாங்கினா பார்க்காரன் ஊத்துவான். நான் அவனுக்கா சம்பந்தி ஆவுறது?"

தானியேல் சிரித்துவிட்டார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். பாட்டிலை மறுபடியும் கருவாட்டுக்குள் செருகினார்.

"நான் பாத்தது கருவாடு மட்டும்தான். ஆளுக்கு ஒரு கிளாஸ், பின்பக்கமா போயிடுங்க. மேனேஜர் பாத்தா என் சோறு போயிடும்."

"பாத்தீங்களா சம்பந்தி?" தனக்கோடி தோளை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். "குரல் குடுத்தாத்தான் எதுவும் நடக்கும்."

உள்ளே கண்ணாடிச் சுவரும் ஏசியும். தண்ணீரைப் பார்க்க வந்தவர்கள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கா இவ்ளோ பெரிய கப்பல்?" என்றார் தனக்கோடி.

"நம்ம வூட்டுப் படகே தேவல" என்றார் சின்னதம்பி.

பின்தட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். தனக்கோடி இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்துப் பாட்டிலின் மூடியைத் திருகினார். அப்போது கப்பலின் வேகம் சட்டென்று குறைந்தது.

எட்டிப் பார்த்தார்கள். சற்றுத் தள்ளி, கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண். ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, குனிந்து சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். அலை அவளைத் தள்ளிவிடக் கூடாதே என்றுதான் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்திருக்கிறார்.

தனக்கோடி துள்ளி எழுந்தார். ஏரியை ஊர் ஊராகப் பிரித்து, நாள் முறை வைத்து மீன் பிடிப்பதற்குப் பாடு என்று பெயர். அந்த இடம் அன்றைக்குத் தனக்கோடி ஊரின் பாடு. அவளோ வேறு குப்பத்துக்காரி.

"ஏய் முனியம்மா! இன்னிக்கு எங்க பாடுன்னு தெரியாது உனக்கு?"

அவள் கூடையைக் கையில் எடுத்தாள். "வலை போடலண்ணே. கையாலதான். கொழம்புக்கு நாலு இறாலு."

"கையால தடவுறதுக்குமா பாடு?" என்றார் சின்னதம்பி மெதுவாக. "எங்கூர்ல கண்டுக்க மாட்டோம்."

"நீங்க சும்மா இருங்க சம்பந்தி. இன்னிக்கு நாலு, நாளைக்கு நானூறும்பா." தனக்கோடி கம்பியைப் பிடித்துக் குனிந்தார். "கொட்டுடி கூடைய! இறாலு வேணும்னா எங்கூர்ல வந்து வாங்கித் தின்னு!"

அவள் கொட்டினாள். கரையைப் பார்த்து நடந்தாள். கப்பல் வேகம் எடுத்தது.

"ரூல்னா ரூலுதான்" என்றபடி திரும்பி வந்து உட்கார்ந்த தனக்கோடி, பாட்டிலைச் சாய்க்கப் போனார். சின்னதம்பி தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஊத்த வேணாம்ண்ணே" என்றார் சின்னதம்பி. "எறங்குறப்போ அந்த தானியேல ஒரு வார்த்த கேக்கணும், அவரு வூட்ல கட்டிக் குடுக்கற வயசுல பொண்ணு ஏதாவது இருக்குதான்னு."